ஊஞ்சலுக்குக் கொடுப்பார்கள், தரைக்கு யார் கொடுப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு விளையாட்டுத் திடலுக்கு நன்கொடை கேட்டுப் போனால், கடைக்காரரின் முதல் கேள்வி "என்ன வாங்கப் போறீங்க?" என்பதுதான். ஊஞ்சல் என்றால் முகம் மலரும். சறுக்குமரம் என்றால் பெயர்த்தகடு எங்கே வைப்பீர்கள் என்று கேட்பார். தரை என்றால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் திடலுக்கோ, பணத்தின் பெரும் பங்கைத் தரைதான் விழுங்கும். சக்கர நாற்காலி வாசலிலேயே மணலில் புதைந்துவிட்டால், உள்ளே எத்தனை விலை உயர்ந்த ஊஞ்சல் தொங்கினாலும் அந்தக் குழந்தைக்கு அது இல்லாத ஊஞ்சல்தான். நிதி திரட்டுபவர்கள் முதலில் கற்க வேண்டியது தரைக்குப் பணம் கேட்பதை. மற்றவை அதன் பின்னால் வரும்.

சமூகமாகக் காசு சேர்த்துக் கட்டுவது தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1860 நவம்பர் 16இல், மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தில் நின்ற நாளிலிருந்து, கரும்புத் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்த காசில் கோயில்கள் எழுந்தன. அரசு பாதி, ஊர் பாதி என்று நேட்டால் முழுவதும் இந்தியப் பள்ளிகள் எழுந்தன. 1921இல் ஆதரவற்றோருக்கான ஆரியன் பெனவலன்ட் ஹோம் தொடங்கியதும், 1929இல் இந்திய மாணவர்களுக்கான சாஸ்திரி கல்லூரி திறந்ததும் ஊர்க்காசின் துணையோடுதான். ஆனால் திடல் வேறு வகை. கோயிலுக்கு அறங்காவலர்கள் உண்டு, பள்ளிக்குத் தலைமையாசிரியர் உண்டு. திடல் பெரும்பாலும் நகராட்சி நிலத்தில் இருக்கும். ரிப்பன் வெட்டிய மறுநாளிலிருந்து அதற்குச் சொந்தக்காரர் யார் என்பதே மங்கிவிடும். அதனால்தான் இங்கே வேலையின் வரிசை முக்கியம். நிலத்துக்கான தாள், அமைப்பின் பதிவு, தரையின் கணக்கு ஆகிய மூன்றும் கையில் வந்த பிறகே உண்டியலை நீட்ட வேண்டும்.

நிலம்

வார்டு கவுன்சிலரின் ஆதரவுக் கடிதம் நல்லதுதான், ஆனால் அது அனுமதி ஆகாது. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி, நகராட்சி தன் நிலத்தை நினைத்தபடி யாருக்கும் கொடுத்துவிட முடியாது. குத்தகையோ பயன்பாட்டு ஒப்பந்தமோ எழுத்தில் வர மாதங்கள் ஆகும். அந்த ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: எத்தனை ஆண்டு, கருவிகள் யாருடையவை, பராமரிப்பு யார் பொறுப்பு, ஒரு குழந்தைக்கு அடிபட்டால் யாருடைய காப்பீடு. பெரிய நிறுவனங்கள் முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்கும். "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் சொன்னால் அவர்களும் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

தோண்டுவதற்கு முன் நிலத்தடியில் ஓடும் சாக்கடை, குடிநீர்க் குழாய்களின் வரைபடத்தை, டர்பனை நிர்வகிக்கும் எத்தேக்வினி நகராட்சியிடம் கேட்டு வாங்குங்கள். ஊஞ்சல் தூணின் காங்கிரீட் குழி நேராகச் சாக்கடைக் குழாயின் மேல் விழுந்தால், வரைபடத்தை முதலிலிருந்து போட வேண்டிவரும்.

நகராட்சியிடம் பணமோ பராமரிப்போ கேட்பதற்கும் காலம் உண்டு. அதன் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. வரவுசெலவு வரைவு மார்ச் முடிவதற்குள் மன்றத்தின் முன் வைக்கப்படும். அதன் பிறகு மக்கள் கருத்துக் கேட்பார்கள். மே இறுதிக்குள் முடிவெடுப்பார்கள். மே மாதம் மனுக் கொடுப்பவர் அடுத்த ஆண்டுக்குத்தான் கொடுக்கிறார். முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே வார்டு கூட்டத்தில் எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும்.

மனுவில் கெஞ்சத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரே உள்ள தடைகளை நீக்காமல் விடுவதையும் பாகுபாடாகவே எண்ணுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையைத் தென்னாப்பிரிக்கா 2007 நவம்பரில் உறுதி செய்தது. மற்றக் குழந்தைகளோடு சமமாக விளையாடும் உரிமையை அதன் 30ஆம் உறுப்பு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்த இரண்டையும் முதல் பத்தியில் எழுதுங்கள். மனுவைப் படிக்கும் அதிகாரிக்கு இது தர்மக் கணக்கில் சேராது, கடமைக் கணக்கில் சேரும் என்று அப்போதுதான் புரியும்.

ரசீது

சமூக மேம்பாட்டுத் துறையில் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. 1997ஆம் ஆண்டின் சட்டப்படி, நிதியாண்டு முடிந்து 9 மாதங்களுக்குள் செயல் அறிக்கையும் கணக்கறிக்கையும் அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டுப் பதிவை இழந்த அமைப்புகள் ஏராளம்.

வரிச்சலுகை வேறு கதை. வருமான வரித் துறையான சார்ஸ், பொதுநல அமைப்பு என்று ஒப்புதல் தருவது ஒன்று. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின் கீழ், கொடுப்பவருக்கு வரிக்கழிவு தரும் ரசீது கொடுக்க ஒப்புதல் தருவது இன்னொன்று. முதலாவது கிடைத்தவர்கள் எல்லாருக்கும் இரண்டாவது கிடைப்பதில்லை. அமைப்பின் வேலை அதே சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையின் இரண்டாம் பகுதியில் இருந்தால்தான் 18ஏ கிடைக்கும். வெறும் 'பொழுதுபோக்கு' என்று நோக்கம் எழுதினால் அங்கேயே சிக்கும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் நலன், பராமரிப்பு என்று உண்மையில் செய்யப்போவதை அமைப்பு விதிகளிலேயே சொல்ல வேண்டும். இந்த இடத்தில் வரி தெரிந்த ஒருவரை உட்காரவைத்து எழுதுவது வீண்செலவல்ல.

18ஏ இருந்தால், கொடுப்பவர் தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். 2023 மார்ச் 1 முதல் ரசீதில் கொடுத்தவரின் அடையாள எண், வரி எண் போன்ற கூடுதல் விவரங்களும் வேண்டும். பணம் வரும்போதே ஒரு படிவத்தில் வாங்கிவைக்காவிட்டால், பிப்ரவரி கடைசியில் தனிநபர் வரி ஆண்டு முடியும் நேரத்தில் நூறு பேருக்குத் தொலைபேசி போட வேண்டிவரும். பெரிய நன்கொடைகள் வருவதும் அந்த மாதத்தில்தான்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. பிரியாணிச் சீட்டு வாங்கியவருக்கு 18ஏ ரசீது கொடுப்பது ஒன்று. அவர் பணத்துக்குச் சாப்பாடு வாங்கினார். அது நன்கொடை ஆகாது. தன் விளம்பரம் வரவேண்டும் என்ற பேச்சோடு கொடுக்கும் பணமும் அப்படியே. இரண்டாவது, ஒப்புதல் இருக்கும் வேறோர் அமைப்பின் ரசீதை இரவல் வாங்குவது. அந்தப் பணம் அந்த அமைப்பின் சொந்த வேலைக்கே போக வேண்டும் என்பது விதி. திடல் உண்மையாகவே அவர்களின் திட்டமாக இருந்தால் சரி. பெயருக்கு மட்டும் என்றால், ரசீது கொடுத்தவருடைய ஒப்புதலுக்கே ஆபத்து.

தரையின் கணக்கு

ஒரு கூடை ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். 1.2 மீட்டர் அகல வலைக்கூடை. உட்கார முடியாத குழந்தையும் படுத்து ஆடலாம், அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆடலாம். எல்லாரையும் சேர்க்கும் திடலில் முதலில் வாங்க வேண்டிய கருவி இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. இதன் கீழே எவ்வளவு தரை வேண்டும்? ஐரோப்பிய விதியான இஎன் 1176, இங்கே சான்ஸ் 51176 என்ற பெயரில் வழங்குகிறது. அதன்படி, ரப்பர் போன்ற ஒட்டுத்தரை என்றால், சங்கிலி நீளத்தை 0.867ஆல் பெருக்கி 1.75 மீட்டர் கூட்ட வேண்டும். இது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. 1.8 மீட்டர் சங்கிலிக்கு ஒரு பக்கம் சுமார் 3.3, இரு பக்கமும் 6.6 மீட்டர். அகலம் கூடையின் அளவுக்கேற்ப ஏறத்தாழ 2.45 மீட்டர். ஆக, ஓர் ஊஞ்சலுக்கு மட்டும் 16 சதுர மீட்டர். விற்பவர் தரும் விலைப்பட்டியலில் ஊஞ்சலின் விலை கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த 16 சதுர மீட்டர் அதில் இருக்காது.

மணல் மலிவு. 30 சென்டிமீட்டர் ஆழ மணல் அடியை நன்றாகவே தாங்கும். உதைபட்டுச் சிதறுவதற்காக இன்னும் 10 சென்டிமீட்டர் கூட்டிப் போடுவார்கள். மரச்சீவலும் அப்படித்தான். ஆனால் இரண்டிலும் சக்கரம் ஓடாது, ஊன்றுகோல் நிற்காது. பணம் குறைவாக இருந்தால் திடல் முழுவதும் மணல் போட்டுவிட்டு ஒரு மூலையில் 'சிறப்புக் கருவி' வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் அந்தக் குழந்தை மூலையில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். கருவிகளைக் குறையுங்கள், வாசலிலிருந்து ஒவ்வொரு கருவி வரைக்கும், ஒவ்வொன்றின் கீழும் கெட்டியான தரை போடுங்கள். மணல் ஒரு தொட்டியில் மேசை உயரத்தில் இருக்கட்டும், கீழே முழங்கால் நுழைய இடம் விட்டு.

ரப்பர்த் தரை மூன்று அடுக்கு. அடியில் இறுக்கிய சரளைக்கல் 100 முதல் 150 மில்லிமீட்டர். அதன்மேல் பழைய டயர் துகள்களைப் பசையில் குழைத்த கறுப்பு அடுக்கு. கருவியின் விழும் உயரத்தைப் பொறுத்து இதன் தடிமன் மாறும். மேலே இபிடிஎம் என்ற நிறத்துகள் அடுக்கு, 10 முதல் 15 மில்லிமீட்டர். கெட்டுப்போவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கீழடுக்கில்தான். கல்லைச் சரியாக இறுக்காவிட்டால், ஒரு கோடைமழையில் ஓரம் அரித்து, ரப்பர் தொங்கி, விளிம்பு கிழியும். சுற்றிலும் காங்கிரீட் கரைக்கல் வேண்டும். தண்ணீர் வெளியேற வழி வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். பசையைக் குறைத்துக் கலந்தால் சில மாதங்களில் துகள் உதிரத் தொடங்கும். டர்பனில் மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை; ஆகவே தரை போட ஜூன் முதல் ஆகஸ்ட் வரையே ஏற்ற காலம். பணம் ஏப்ரலுக்குள் கையில் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே வருகிறது.

போட்டு முடித்த தரையை அளந்து, எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும் என்ற சோதனைச் சான்று தருவதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தொழிற்சாலையில் சோதித்த மாதிரியின் சான்று போதாது.

இனி மேடு. சாட்ஸ்வொர்த் முழுவதும் ஏற்ற இறக்கம்தான். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த, 1950ஆம் ஆண்டின் குழுவாரிப் பகுதிகள் சட்டத்தின் பெயரால் குடும்பங்களைப் பிடுங்கி நட்ட இந்த மலைச்சரிவுகளில், சமதளத் திடல் கிடைப்பது அரிது. கட்டட விதிப்படி சாய்தளம் 12க்கு 1ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. அதாவது 1.5 மீட்டர் உயர மேடைக்குச் சக்கர நாற்காலி ஏற 18 மீட்டர் சாய்தளமும், நடுவில் இளைப்பாறும் தட்டும், இரு பக்கமும் கைப்பிடியும் வேண்டும். திட்டத்தின் பாதிப் பணம் அந்தச் சாய்தளத்திலேயே முடிந்துவிடும். இதற்குச் சரிவே மருந்து. பாதையைச் சரிவோடு வளைத்து 20க்கு 1 என்ற மெதுவான ஏற்றத்தில் மேலே கொண்டுபோய், சறுக்குமரத்தை மண்மேட்டின் மேலேயே படுக்க வைத்தால், மேடையும் வேண்டாம், தூணும் வேண்டாம், உயரத்திலிருந்து விழும் பயமும் இல்லை. சறுக்குமரத்தின் முகம் தெற்கே இருக்கட்டும். இந்த அரைக்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. இறக்குமதிக் கையேட்டில் 'வடக்கு நோக்கி வை' என்று எழுதியிருப்பது ஐரோப்பாவுக்கு.

தரையை விற்பது

ஒரு சதுர மீட்டரின் முழு விலையைக் கண்டுபிடியுங்கள். மண் வெட்டுதல், சரளை, கரைக்கல், ரப்பர், கூலி, சோதனை எல்லாம் சேர்த்து. அதன்மேல் 15 சதவீத வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி. விலைப்புள்ளிகள் பெரும்பாலும் வாட் நீங்கலாக வரும். வாட் பதிவு இல்லாத சிறு அமைப்பு அதைத் திரும்பப் பெற முடியாது. பத்து லட்சம் ரேண்ட் என்று நினைத்தது பதினொன்றரை லட்சம் ஆகும் இடம் இதுதான். இறக்குமதிக் கருவி என்றால் ரேண்டின் மதிப்பு இறங்குவதற்காகவும் சேர்த்து, மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் தனியே ஒதுக்குங்கள்.

பிறகு திடலின் வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒரு பெரிய பலகையில் ஒட்டுங்கள். ஒரு கட்டம் ஒரு சதுர மீட்டர். கால் கட்டமும் வாங்கலாம். தைப்பூசக் காவடிக்கும் ஆடி மாதக் கஞ்சிக்கும் கூட்டம் சேரும் கோயில் வாசலில் அது நிற்கட்டும். அதே பலகை பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகட்டும், பக்கத்து ஊரின் கூட்டத்துக்கு இசிசூலுவில், அதாவது சூலு மொழியில், போகட்டும். தன் குடும்பத்தின் கட்டத்தில் நிறம் ஏறுவதைப் பார்க்கும் ஆயாவுக்கு, தரை என்ற சொல்லின் பொருள் அந்த நொடியில் மாறுகிறது. பெயர்களை ரப்பரில் பதிக்காதீர்கள், தேய்ந்துபோகும். வேலிப் பலகையில் எழுதுங்கள்.

பிரியாணி விற்பனையும் நடக்கட்டும், ஆனால் கணக்கோடு. 10 கிலோ அரிசி, 12 கிலோ கோழி, 5 கிலோ உருளைக்கிழங்கு, தோலோடு 3 கிலோ மைசூர்ப் பருப்பு போட்ட ஓர் அண்டாவில் அரைக்கிலோ டப்பா 80 முதல் 90 வரை வரும். நான்கு அண்டா வைத்தால் 300 டப்பாவுக்குக் குறையாது. எடுத்துக்காட்டாக டப்பாவுக்கு 35 ரேண்ட் மிஞ்சினால் 10,500 ரேண்ட். ஒரு சதுர மீட்டர் 1,800 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருபது பேர் வியர்த்ததில் ஏறக்குறைய ஆறு சதுர மீட்டர். கூடை ஊஞ்சலின் தரையில் மூன்றில் ஒரு பங்கு. இந்த வேலை வீண் என்று சொல்ல வரவில்லை. 300 வீடுகளுக்குத் திடலின் செய்தி போகிறது. ஊரே பின்னால் நிற்கிறது என்று நிறுவனங்களுக்குக் காட்டவும் அது சான்று. ஆனால் பிரியாணியை மட்டும் நம்பினால் குழந்தைகள் வளர்ந்துவிடுவார்கள். டப்பாக்களுக்கு முன்பணம் வாங்கிய பிறகே அடுப்பை மூட்டுங்கள். சமைக்கும் இடத்துக்கு நகராட்சிச் சுகாதாரத் தகுதிச் சான்று இருக்க வேண்டும். பரிசுச் சீட்டு விற்பதென்றால் 1997ஆம் ஆண்டின் லாட்டரிச் சட்டப்படி தேசிய லாட்டரி ஆணையத்திடம் முதலில் பேசுங்கள். பொதுமக்களுக்குச் சீட்டை அச்சடித்து விற்றுவிட்டுப் பிறகு கேட்கக் கூடாது.

பெரிய தொகை நிறுவனங்களிடம் இருக்கிறது. நிறுவனங்களை மதிப்பிடும் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டு மதிப்பெண் அட்டையில், வரிக்குப் பிந்தைய நிகர லாபத்தில் 1 சதவீதத்தைச் சமூக-பொருளாதார மேம்பாட்டுக்குச் செலவிடும் நிறுவனத்துக்கு 5 புள்ளிகள் உண்டு. பயனடைவோரில் குறைந்தது 75 சதவீதம் கறுப்பினத்தவராக இருந்தால் முழுத் தொகையும் கணக்கில் சேரும். அந்தச் சட்டத்தின் வரையறையில் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் அடங்குவர். திடலைச் சுற்றியுள்ள பள்ளிகளின், சிறப்புப் பள்ளிகளின் மாணவர் விவரத்தோடு, பயனாளர் உறுதிக் கடிதத்தை நீங்களே தயாராக எடுத்துப்போனால், நிறுவனத்தில் இதைக் கவனிக்கும் மேலாளருக்கு வேலை பாதியாகும். நிறுவனங்களின் நிதியாண்டு முடிவைத் தெரிந்துகொண்டு அதற்கு நான்கைந்து மாதம் முன்னால் போக வேண்டும்.

ஜூலை 18, மண்டேலா நாள் வரும்போது, அவரின் 67 ஆண்டுப் பொதுப்பணியை நினைத்துச் செய்யும் 67 நிமிட வேலைக்கு ஆட்களை அனுப்பப் பல அலுவலகங்கள் இடம் தேடும். செடி நடவும் சுவருக்கு வண்ணம் பூசவும் அவர்களை வரவேற்கலாம். கருவி பொருத்த மட்டும் விடக் கூடாது. இறுக்காத ஓர் ஆணி போதும். வருபவர்களிடம் வண்ணத்துக்கும் செடிக்கும் மேல் ஐந்து சதுர மீட்டர் தரையும் சேர்த்துக் கேளுங்கள், தருவார்கள்.

வாங்கும்போதும் கட்டும்போதும்

சக்கர நாற்காலியோடு ஏற்றும் மேடை ஊஞ்சல் படத்தில் அழகாக இருக்கும். நன்கொடையாளர்கள் அதைத்தான் கேட்பார்கள். அது கனமானது, ஆடும்போது குறுக்கே ஓடும் சிறு பிள்ளையை மோசமாக அடிக்கும். அதனால் தனி வேலி போட்டுப் பூட்டுவார்கள். சாவி எங்கோ இருக்கும். கண்காணிக்க ஆள் இல்லாத திடலில் அதை வாங்காதீர்கள். அதே பணத்தில் தரைமட்டச் சுழல்ராட்டினம் வாங்கினால் நாற்காலியோடும் இல்லாமலும் எல்லாரும் ஏறலாம். உட்கார்ந்த உயரத்தில் தட்டி இசைக்கும் குழாய்கள், சத்தம் தாங்காத குழந்தை ஒதுங்க ஓர் அமைதி மூலை, தப்பி ஓடும் குழந்தைக்காகத் தானே மூடிக்கொள்ளும் கதவோடு முழு வேலி, பேரப்பிள்ளையோடு வரும் தாத்தா பாட்டி ஊன்றி எழக் கைப்பிடி வைத்த பெஞ்சு, நிழல். டாக்ஸி நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரைக்கும் நடைபாதை இருக்கிறதா என்று ஒருமுறை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போய்ப் பாருங்கள். கழிப்பறைக்கு யாரும் நிதி தர மாட்டார்கள். அதையும் சதுர மீட்டரின் விலைக்குள் ஏற்றிவிடுவதே வழி.

டர்பன் கடற்காற்றில் சாதாரண வண்ணம் பூசிய இரும்பு நிலைக்காது. சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த எஃகு என்று ஒப்பந்தத்தில் சான்ஸ் 121 தரத்தின் பெயரோடு எழுதுங்கள். வெட்டுவதும் துளையிடுவதும் முக்குவதற்கு முன்பே முடிய வேண்டும், பிறகு துளைத்தால் அங்கிருந்தே துரு பிடிக்கும். பழைய இரும்புக்கு விற்கக் கழற்றிப் போவார்கள் என்பதால் திருகுகள் தனிச் சாவியில் மட்டும் கழலும் வகையாக இருக்கட்டும். 89 முதல் 230 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியில் குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். வேலிக் கம்பி உட்பட எல்லாவற்றையும் அளந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

முன்பணமாகப் பாதி கேட்பது வழக்கம். முழுத்தொகையை ஒருபோதும் முன்னால் கொடுக்காதீர்கள். பொருள் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, பொருத்தியதும் ஒரு பங்கு, தரைச் சோதனைச் சான்று வந்ததும் ஒரு பங்கு. 10 சதவீதத்தை மூன்று மாதம் நிறுத்திவையுங்கள். வங்கிக் கணக்கு இந்தத் திட்டத்துக்கென்றே தனியாக, இருவர் கையெழுத்தோடு. உண்டியலை எண்ணுவதும் இருவர்.

திரட்டும் ஒவ்வொரு பத்து ரேண்டிலும் ஒரு ரேண்டைப் பராமரிப்புக்கென்று முதல் நாளிலிருந்தே வேறு கணக்கில் போடுங்கள். திறப்புவிழாவுக்குப் பிறகு அந்த ஒரு ரேண்டைக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். வாரம் ஒருமுறை கண்ணாடிச் சில்லு, உடைசல் பார்க்க ஒருவர். ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கிலிக் கொக்கி, சுழலும் மூட்டு, ரப்பரின் விளிம்பு ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத ஒருவர். ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் ஆய்வு. சங்கிலிக் கொக்கி ஆரம்பத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தேய்வதற்கு முன்பே மாற்ற வேண்டும். புதுத் திடலில் திருகுகள் முதல் சில வாரங்களிலேயே தளரும். ஆகவே முதல் இறுக்கும் நாளைத் திறப்புவிழா அழைப்பிதழ் அச்சடிக்கும்போதே நாட்காட்டியில் குறித்து, அந்தத் தனிச் சாவி யார் வீட்டில் இருக்கும் என்பதையும் அதே தாளில் எழுதிவையுங்கள்.